பிளாக்குக்குள்ளே ஒரு வாசற்படி

அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், மாடிப்படிக்குக் கீழே ஒன்பது வருடம் படுத்துக் கிடந்தது. 1994இல் வாங்கிய வண்டி, டிஎன் 23, வேலூர்ப் பதிவு. சத்துவாச்சாரியிலிருந்து ஆற்காட்டுக்குத் தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார். ஓய்வு பெற்ற பிறகு முட்டிவலி வந்து கிக்கரை உதைக்க முடியவில்லை. பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி நிறுத்திவிட்டார். அந்த வேட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியது தனிக்கதை.

வெளியே எடுத்தது நான். எடுத்த கையோடு பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரை, கழற்றி ஒரு லேத்தில் கொடுத்துப் புது ஸ்லீவ் போட்டேன். வேறு வழியும் இல்லை. இந்த எஞ்சினுக்கு போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற துளையின் விட்டம், 50 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், அதுவும் 50 மில்லி. போர் தேயத் தேய 25 சைஸ், 50 சைஸ், 75, 100 என்று கால் கால் மில்லியாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டுக்கொண்டே வருவார்கள். அப்பா காலத்திலேயே 100 சைஸ் வரை வந்தாகிவிட்டது. அதற்கு மேல் உள்ளே புது இரும்புக் குழாய் இறக்கி, முதலிலிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆக ஸ்லீவ் போட்டதில் தப்பில்லை. போட்டு வாங்கி வந்ததை ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் மாட்டினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டு அப்பா கைலியோடு வெளியே வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அப்பவே காதில் ஏதோ பட்டிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

கோளாறு இப்படி: கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஒரு நிமிடம் நின்று, பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரைத் திருகினால், வண்டி பாயாது. தொண்டையில் சளி கட்டியவர் பேசுகிற மாதிரி ‘புர்ர்ர்’ என்று இழுக்கும். சைலன்சரிலிருந்து ஒரு புகை மேகம் வெளியேறும். இரண்டு மூன்று விநாடி கழித்துத் திடீரென்று தெளிந்து ஓடும். நடு வேகத்தில் மறுபடி ஒரு சோம்பல். பின்னால் வருகிற ஷேர் ஆட்டோக்காரர் அந்த இரண்டு விநாடிக்குள் என் பரம்பரையையே விசாரித்துவிடுவார்.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எது கெட்டாலும் நம் ஊரில் முதலில் கைவைப்பது கார்ப்ரேட்டரில்தான். பாவம், ஸ்க்ரூ வெளியே தெரிகிற மாதிரி இருப்பதால் அதற்கு இந்தத் தலையெழுத்து. முதல் மெக்கானிக் கழுவினார். இரண்டாமவர் புதுக் கார்ப்ரேட்டர் போட்டார். மூன்றாமவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, “கரி பிடிச்சிருக்கு சார், பெட்ரோல் ஜாஸ்தி போகுது” என்று மெயின் ஜெட்டை, கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளையை, சின்னதாக்கினார். புர்ர் கொஞ்சம் குறைந்தது. எனக்கும் சந்தோஷம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டா தாண்டிப் போகும்போது பின் சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடித்தது. கிளட்சைப் பிடித்துவிட்டேன், தப்பித்தேன். பெட்ரோலைக் குறைத்ததும் எஞ்சின் சூடேறி ஜாம் ஆகப் பார்த்திருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது என்பதை அவர் மறந்துவிட்டார், நானும்தான்.

அதற்கப்புறம்தான் கொசப்பேட்டையில் இருக்கும் பாயிடம் போனேன். வயது எழுபதுக்குப் பக்கம். கடை என்று பலகை கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, முன்னால் ஒரு வேப்பமரம், அதன் கீழே எப்போதும் ஒன்றிரண்டு பழைய வண்டிகள். தொழில் பழகியதே ராணிப்பேட்டை வண்டிகளில்தான் என்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது: 1980களில் என்ஃபீல்டு கம்பெனி ராணிப்பேட்டையில் தனியாக ஒரு தொழிற்சாலை போட்டு, ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி வடிவமைப்பில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று 50 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் செய்தது. புல்லட் என்றாலே என்ஃபீல்டு என்று நினைக்கிற நமக்கு, அப்போதைய நம் மாவட்டத்திலேயே இப்படி ஒரு குட்டி வண்டி பிறந்தது நினைவில் இல்லை. தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்த வண்டியில்தான் போவார்கள் என்று பாய் சொல்வார்.

பாய் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கார்ப்ரேட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிறுத்தச் சொன்னார்.

“பிளாக்கு எப்ப கழட்டினது?”

சொன்னேன்.

“ஸ்லீவு போட்டதா?”

“ஆமா பாய்.”

“அப்ப கழட்டு தம்பி. கார்ப்ரேட்டர்ல ஒண்ணும் இல்ல.”

மறுநாள் பிளாக் அவர் மடியில் இருந்தது. பின்பக்கம் ரீடு என்கிற தகடு வால்வு உட்காருகிற பள்ளத்துக்குள் சுட்டுவிரலை விட்டுத் தடவினார். உள்ளே போன விரல் ஓரிடத்தில் தடுக்கி நின்றது. அது நிற்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். “உள்ள ஒரு வாசப்படி கீது. நீயே பாரு.” என் விரலை விட்டேன். அலுமினியம் வழவழவென்று கீழே சரிந்து போய்க்கொண்டே இருந்தது, பிறகு சட்டென்று நகக்கண்ணில் இடிக்கிற மாதிரி ஒரு விளிம்பு. புது ஸ்லீவின் சுவர் அது. பிளாக்கில் இருக்கும் வழியின் தரை ஒரு மட்டம், ஸ்லீவில் வெட்டிய ஜன்னலின் தரை அதைவிட உயரத்தில் ஒரு மட்டம். அளந்து பார்த்தபோது ஒன்றரை மில்லி. அந்தப் படியின் காலடியில் கருப்பாக, ஈரமாக ஒரு குட்டை.

அந்தக் குட்டைதான் என் புர்ர்.

இது ஏன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டூ-ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் நேராகப் பிஸ்டனுக்கு மேலே போவதில்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியில், கிராங்க் இருக்கிற அறையில், வெற்றிடம் உண்டாகும். அந்த இழுப்பில் ரீடின் மெல்லிய தகடுகள் திறந்து கலவை உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது தகடுகள் மூடிக்கொள்ளும், உள்ளே வந்தது அமுங்கி, பக்கச் சுவர்களில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் என்கிற வழிகள் மூலம் மேலே ஏறும். ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு. இந்த வண்டி தன் முழு 11 குதிரைத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அதாவது விநாடிக்கு 125 மூச்சு. ஒரு மூச்சுக்கு 8 மில்லி விநாடி, அதிலும் பாதிதான் உள்ளிழுக்க.

அவ்வளவு அவசரமாக ஓடிவருகிற கலவைக்கு முன்னால் ஒரு வாசற்படி இருந்தால் என்ன ஆகும்? காற்று லேசானது, எப்படியோ வளைந்து தாண்டிவிடும். பெட்ரோல் துளி கனமானது, வளையத் தெரியாது, படியில் மோதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வண்டி சும்மா நின்று உறுமும்போது இழுப்பும் குறைவு, அதனால் துளிகள் அங்கேயே தேங்கும். சிக்னல் விழுந்து முறுக்கியதும், தேங்கியது அத்தனையும் ஒரே வாயாக உள்ளே போகிறது. பிளக் நனைகிறது, வண்டி இருமுகிறது. பிளக்கைப் பார்த்தவர் பெட்ரோல் அதிகம் என்றது பொய்யில்லை. ஆனால் நின்றால் அதிகம், ஓடினால் குறைவு. ஜெட்டைச் சின்னதாக்கியபோது ஓடும்போது கிடைத்த கொஞ்சமும் போய்விட்டது.

ஒன்றரை மில்லிக்கு இவ்வளவு ஆட்டமா என்று நானும் கேட்டேன். 20 மில்லி உயரமுள்ள ஒரு வாசலில் ஒன்றரை மில்லியை அடைத்தால் பரப்பில் நூற்றுக்கு ஏழரைதான் குறையும். ஆனால் கணக்கு பரப்பில் மட்டும் இல்லை. ஓட்டத்துக்கு எதிரே முகம் காட்டி நிற்கிற படிதான் மோசம், அதன் பின்னால் காற்று சுழன்று சுவரை விட்டு விலகிவிடும். அதே ஒன்றரை மில்லி மறுபக்கமாக இருந்தால், அதாவது சின்ன வழியிலிருந்து பெரிய வழிக்கு இறங்குகிற படியாக இருந்தால், இவ்வளவு தொந்தரவு தராது. மழைநீர்க் கால்வாயில் எதிரே ஒரு கல் கிடப்பதற்கும், தரை கொஞ்சம் பள்ளமாவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, படி இருக்கிறது, அரத்தால் ராவிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். பாய் என் கையில் ஒன்று போட்டார். “எவ்ளோ ராவுவ? எங்க நிறுத்துவ?”

இங்கேதான் நான் எதிர்பார்க்காத வேலை ஆரம்பித்தது. அவர் கொட்டகையில் ஸ்லீவ் மாற்றாத பழைய ஆர்எக்ஸ் பிளாக் ஒன்று இருந்தது, துடுப்புகள் உடைந்து, எடைக்குப் போடத் தயாராக. அதன் போருக்குள் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி விட்டார். விரலால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தார். சின்ன வயதில் காசுக்கு மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி. ஜன்னல்களின் விளிம்புகள் எல்லாம் கறுப்புக் கோடாக எழுந்து வந்தன. தாளை வெளியே எடுத்து விரித்தால், எஞ்சினின் உள் சுவர் ஒரு வீட்டு வரைபடம் போலப் படுத்திருந்தது: இது புகை போகிற வாசல், இவை டிரான்ஸ்ஃபர், இது உள்ளே வருகிற வாசல். என் பிளாக்குக்கும் இப்படி ஒரு தாள். இரண்டையும் மேல் விளிம்பு சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். மற்ற வாசல்களின் உயரம் ஏறத்தாழ ஒன்று. உள்வாசலின் தரைதான் மேலே நின்றது. லேத்துக்காரர் மேலிருந்து சரியாக அளந்திருக்கிறார், அந்த ஒரு ஜன்னலைக் கீழே முடிக்காமல் விட்டுவிட்டார். நேரமாகியிருக்கும், மின்சாரம் போயிருக்கும், யாருக்குத் தெரியும்.

இரண்டாவது ஒரு குற்றவாளியும் இருந்தது. ரீடுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கிற பேக்கிங். கடையில் வாங்கிய ரெடிமேடு. அதை வைத்து மாட்டினால் பொருந்துகிறதா என்று பார்க்க ஏதாவது மை வேண்டும் என்றார் பாய். வீட்டுக்கு ஓடி, மனைவியின் கண்மை டப்பாவை எடுத்து வந்தேன். (திரும்பிப் போனபோது என்ன நடந்தது என்பது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது.) பிளாக்கின் முகத்தில் கண்மையைச் சுண்டுவிரலால் மெலிதாகத் தடவி, பேக்கிங்கை வைத்து அழுத்தி எடுத்தோம். அச்சு விழுந்தது. பேக்கிங்கின் ஓட்டை, வழியைவிடச் சுற்றிலும் சிறியது. கீழ்ப்பக்கம் நன்றாகவே உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் ஊறி அது இன்னும் உப்பியிருக்கும்.

பாய் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேக்கிங் பேப்பரில் ஒரு துண்டைப் பிளாக்கின் முகத்தில் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பைச் சுற்றி டொக் டொக்கென்று மெல்லத் தட்டினார். உலோக விளிம்பே கத்தியாகி, தாள் சரியான அளவில் அறுபட்டு விழுந்தது. முதலில் ஒரு போல்ட் ஓட்டையைத் தட்டி அதில் போல்ட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தாள் நகர்ந்துவிடும். இது ஒன்றும் ரகசியக் கலை அல்ல. வேலூர் லாங் பஜார் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்ததுதான். ரெடிமேடு வந்தபிறகு கை மறந்துவிட்டது.

அப்புறம்தான் அரம். ஸ்லீவின் ஜன்னல் விளிம்பில், தாளில் பார்த்த உயரத்தைக் கீறி வைத்துக்கொண்டு, அரைவட்ட அரத்தால் ஒரே திசையில் ராவினேன். பத்து இழுப்பு, துடை, விரலை விடு. பத்து இழுப்பு, துடை, விரலை விடு. இரண்டு மணி நேரம். வேலூர் வெயில், தகரக் கொட்டகை, சொல்ல வேண்டியதில்லை. கோடு வந்ததும் பாய் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் என்று என் கை கேட்டது. அவர் விடவில்லை.

அந்த ‘இன்னும் கொஞ்சம்’ என்ன செய்யும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. குடியாத்தத்தில் மாமா வைத்திருந்த யெஸ்டி 250 பைக். அதில் ரீடு கிடையாது. பிஸ்டனின் கீழ்ப்பாவாடையே உள்வாசலுக்குக் கதவு: ஏறும்போது திறக்கும், இறங்கும்போது மூடும். யாரோ ஒரு நண்பர், வேகம் கூடும் என்று சொல்லி, அந்த வாசலின் தரையை இறக்கி ராவிக் கொடுத்தார். தரை இறங்கினால் கதவு சீக்கிரம் திறந்து, தாமதமாக மூடும். பேய் வேகத்தில் அது லாபம்தான். ஆனால் குடியாத்தம் கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது பிஸ்டன் இறங்க ஆரம்பித்துவிடும், கதவு இன்னும் திறந்திருக்கும், உள்ளே வந்த கலவை வந்த வழியே திரும்பி ஓடும். மாமாவின் வண்டி கார்ப்ரேட்டர் வாயிலிருந்து பெட்ரோலைப் பனி மாதிரித் துப்பும். ஏர் ஃபில்டர் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். கடைசி வரை அந்த பிளாக் தேறவில்லை. ராவிய இரும்பைத் திரும்ப வைக்க முடியாதே.

ஆர்எக்ஸில் ரீடு இருப்பதால் துப்பலை அது தடுத்துவிடும். யமஹா இந்த ரீடு முறையை 1972 வாக்கில் தன் தெரு வண்டிகளில் கொண்டுவந்ததே, கீழ் வேகத்திலும் இழுப்பு கிடைக்க வேண்டும் என்றுதான். அதற்காக வாசலை இஷ்டத்துக்குப் பெரிதாக்கலாம் என்று அர்த்தமில்லை. வழி அகலமானால் ஓட்டத்தின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் துளிகள் மறுபடி தேங்கும். படியை எடுத்த இடத்தில் ஒரு குளம் வெட்டிய கதையாகிவிடும்.

இதைச் சொல்லக் காரணம், இப்போது ஊரெல்லாம் ‘போர்ட்டிங்’ என்று ஒரு பைத்தியம். கையில் ஒரு குட்டி கிரைண்டர் இருந்தால் போதும், பழைய ஆர்எக்ஸ் பிளாக்குகளைக் குடைந்து, முகம் பார்க்கிற கண்ணாடியாக மினுக்கி, வீடியோவும் எடுத்துவிடுகிறார்கள். உள்வழிக்குக் கண்ணாடி மினுக்கு தேவையே இல்லை. கொஞ்சம் சொரசொரப்பு இருப்பது பெட்ரோல் படலமாகப் படியாமல் இருக்க நல்லது. எமரி தேய்த்த அளவோடு விட்டுவிடலாம். 1996இல் இந்த வண்டியின் உற்பத்தி நின்றது. இனி கெடுக்கிற ஒவ்வொரு ஒரிஜினல் பிளாக்கும் குறைகிற ஒன்று. பொருத்துவது வேறு, பெரிதாக்குவது வேறு. முதலாவதுக்கு அளவு இருக்கிறது, இரண்டாவதுக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது.

வாசல்களை உண்மையாகவே மாற்றி எழுதியவர்கள் இருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர், 1961இல் 125 சிசி டூ-ஸ்ட்ரோக்கிலிருந்து 25 குதிரைத் திறன் எடுத்தார். லிட்டருக்கு 200. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி ஓடி, அந்த அறிவை சுசுகிக்குக் கொண்டுபோனார். மறுவருடமே 50 சிசி உலகப் பட்டம். அங்கிருந்து ஜப்பான் முழுக்கப் பரவிய வித்தையின் தூரத்து உறவுதான் என் மாடிப்படிக்குக் கீழே வேட்டி போர்த்திக் கிடந்தது. ஆனால் காடன் ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்டி, அளந்து, குறித்து வைத்தவர். கிரைண்டரும் கைப்பேசியும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்தவர் அல்ல.

ராவி முடித்தபின் ஜன்னலின் உள் விளிம்பில் கூர் தெரியாமல் எண்ணெய்க் கல்லால் மழுக்கினோம். இதை விட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கூரில் மாட்டி ஒரு நாள் உடையும். பிறகு சோப்புத் தண்ணீரில் பிளாக்கைக் குளிப்பாட்டினோம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, வெள்ளைத் துணியில் சாம்பல் ஒட்டாமல் வருகிற வரை. பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டோம். புதுக் கார்ப்ரேட்டர் அலமாரியில் தூங்குகிறது.

ஏலகிரியில் பார்த்தேன். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு (இதற்கு விளக்கம் தேவையில்லை) பொன்னேரி பிரிவில் திரும்பி, 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, இரண்டாவது கியருக்கு இறங்கி, மறுபடி திறக்க வேண்டும். 14 தடவை திறந்தேன். ஒரு தடவைகூட இருமவில்லை. உச்ச வேகம் கூடியதா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்து கூடவில்லை. வண்டி தன் பழைய அளவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினேன். அப்பா உள்ளேயிருந்தே, “யாருகிட்ட காட்டின?” என்றார்.

பாயிடம் பிளாக் இன்னொரு விஷயத்துக்காகவும் போக வேண்டியிருக்கிறது. கழற்றியபோதே பார்த்துவிட்டோம், சைலன்சர் மாட்டுகிற பக்கம், பைப்பின் வாயும் பிளாக்கின் வாயும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளியிருக்கின்றன. அது எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. தீபாவளி கழியட்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். வரும்போது கண்மையைச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.